புளி போட்டுத் தேய்த்த தேதி

போன வருடம் நவம்பர் 9 அன்று காலையில், பெர்லினில் எங்கள் கட்டட வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பித்தளை தேய்த்துக்கொண்டிருந்தேன். நல்ல குளிர், கூடவே பூந்தூறல். தரைத்தளத்தில் குடியிருக்கும் ஜெர்மன்கார அம்மாவும் என் பக்கத்தில் ஒரு பழைய மெத்தைத் துண்டைப் போட்டு மண்டியிட்டிருந்தார். அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வருடா வருடம் இதே நாளில் அவர் தனியாகச் செய்கிற வேலை இது. அன்று நானும் சேர்ந்துகொண்டேன்.

நடைபாதைக் கற்களுக்கு நடுவே, உள்ளங்கை அளவில் இரண்டு சதுரங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர், மேலே பித்தளைத் தகடு. ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கும். அதற்குக் கீழே பெயர், பிறந்த வருடம், பிடித்துக்கொண்டு போன வருடம் 1943, கடைசி வரியில் ஆஷ்விட்ஸ், நாஜிகளின் கொலைமுகாம் இருந்த ஊர். பக்கத்துக் கல் அவருடைய மனைவிக்கு. அதே வருடம், அதே ஊர்.

இவற்றை ஜெர்மன் மொழியில் ஸ்டோல்பர்ஸ்டைன் என்பார்கள். இடறு கல் என்று சொல்லலாம். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் தொடங்கிய வேலை. நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள், விரட்டப்பட்டவர்கள் கடைசியாகத் தம் விருப்பத்தில் குடியிருந்த வீட்டு வாசலில் ஆளுக்கொரு கல். இன்று ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. நடந்து நடந்து, மழை பெய்து பித்தளை கறுத்துவிடும். அதனால் நவம்பர் 9 அன்று அக்கம்பக்கத்தார் கையில் துணியோடு இறங்கித் துலக்குகிறார்கள். ஒரு மெழுகுவர்த்தி, ஒரு ரோஜா வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த அம்மா கொண்டுவந்த பாலிஷ் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. நான் மாடிக்கு ஓடிப்போய் ரசத்துக்கு ஊறவைத்திருந்த புளியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, உப்பையும் கலந்து வந்தேன். எங்கள் வீட்டில் குத்துவிளக்கைத் தேய்ப்பது அப்படித்தான். இரண்டு நிமிடத்தில் எழுத்துகளின் பள்ளத்தில் மட்டும் கறுப்பு நின்று, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக வந்தது. அவர் என் விரலைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த கல்லை என் பக்கம் காட்டினார்.

அப்பா காலையில் பேப்பர் வந்ததும் முதலில் படிப்பது ‘வரலாற்றில் இன்று’ பெட்டியைத்தான். எங்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவார். இன்ன வருடம் இன்னார் பிறந்தார், இன்ன வருடம் இன்ன நாடு விடுதலை பெற்றது. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்காது. அந்தச் சம்பந்தமின்மையே எனக்குப் பிடித்திருந்தது. நவம்பர் 9-க்கும் அப்படி ஒரு பெட்டி போடலாம். 1799-இல் பாரிஸில் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றிய நாள். 1877-இல் கவிஞர் இக்பால் பிறந்த நாள். 2005-இல் நம் முன்னாள் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் மறைந்த நாள். 2019-இல் பாகிஸ்தானில் உள்ள கர்தார்பூர் குருத்வாராவுக்கான பாதை சீக்கிய யாத்ரிகர்களுக்காகத் திறக்கப்பட்ட நாள். 1922-இல் ஐன்ஸ்டீனுக்கு நோபல் பரிசு என்று அறிவித்த நாளும் இதுதான். அவர் அப்போது பெர்லினிலேயே இல்லை, ஜப்பானுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அதே கப்பல் இரண்டு வாரத்துக்கு முன்புதான் கொழும்பில் நின்று போனது. அந்த வருடம் ஜூனில் யூதரான வெளியுறவு அமைச்சர் ராத்தெனாவ் கொல்லப்பட்ட பிறகு, ஐன்ஸ்டீனின் உயிருக்கும் ஆபத்து என்ற பேச்சு இருந்தது.

இவையெல்லாம் தற்செயல். ஆனால் ஜெர்மனியின் நவம்பர் 9 அப்படியில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இங்கே சில வருடங்கள் ஆயின. இந்த ஊர்க்காரர்கள் இதை ‘விதியின் நாள்’ என்று சொல்வதுண்டு. எனக்கு அந்தச் சொல் ஒப்பவில்லை. விதி என்று சொல்லிவிட்டால் யாரும் எதுவும் செய்யவில்லை என்றாகிவிடும். இங்கே நடந்தது வேறு. ஒரு வருடம் நடந்தது இன்னொரு வருடத்தைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறது, மனிதர்கள் தெரிந்தே இழுத்து வந்திருக்கிறார்கள்.

முதல் நவம்பர் 9 வியன்னாவில். 1848-இல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி கிளம்பிய சமயம், பிராங்பர்ட்டில் கூடிய முதல் ஜெர்மன் நாடாளுமன்றத்தின் உறுப்பினர் ராபர்ட் ப்ளூம் வியன்னாப் புரட்சிக்காரர்களோடு நின்றார். உறுப்பினருக்குரிய பாதுகாப்பை மதிக்காமல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். எழுபது வருடம் கழித்து நடந்தவற்றோடு இதற்கு நேர்த்தொடர்பு இல்லை. சரி, அதை அங்கேயே விட்டுவிடுகிறேன்.

கதை தொடங்குவது 1918-இல். முதல் உலகப்போரில் தோற்பது உறுதியான பிறகும், கடைசியாக ஒருமுறை மோதிப் பார்க்கக் கப்பற்படைத் தலைமை திட்டமிட்டது. மாலுமிகள் மறுத்தார்கள். கீல் துறைமுகத்தில் பற்றிய தீ ஒரே வாரத்தில் பெர்லினுக்கு வந்தது. நவம்பர் 9, சனிக்கிழமை. தெருவெல்லாம் தொழிலாளர்கள். பேரரசர், அதாவது கைசர், இரண்டாம் வில்ஹெல்மோ பெல்ஜியத்தில் ஸ்பா என்ற ஊரில், முடியைத் துறப்பதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தார். காத்திருந்து பார்த்த பிரதமர் மாக்ஸ் வான் பாடன், அவருடைய ஒப்புதல் வருவதற்கு முன்பே ‘கைசர் பதவி விலகிவிட்டார்’ என்று நண்பகலில் அறிவித்துவிட்டார். ஆட்சிப் பொறுப்பை சமூக ஜனநாயகக் கட்சியின் ஏபர்ட்டிடம் கொடுத்தார்.

நாடாளுமன்றக் கட்டடத்தின் உணவறையில் அதே கட்சியின் ஷைடமன் தண்ணீராக இருந்த உருளைக்கிழங்கு சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே பெருங்கூட்டம். தீவிர இடதுசாரித் தலைவர் லீப்க்னெக்ட் சோவியத் பாணிக் குடியரசை அறிவிக்கப்போகிறார் என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். ஷைடமன் எழுந்து போய் ஜன்னலருகே நின்று, ஜெர்மனி இனி குடியரசு என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டார். மணி சுமார் இரண்டு. இதைச் சொல்ல உனக்கு என்ன உரிமை என்று ஏபர்ட் மேஜையை ஓங்கி அடித்துச் சத்தம் போட்டதாக ஷைடமன் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து, அரண்மனையில் லீப்க்னெக்ட் சோஷலிசக் குடியரசை அறிவித்தார். ஒரே பிற்பகலில் ஒரே நகரத்தில் இரண்டு குடியரசுகள். இரண்டே மாதத்தில், 1919 ஜனவரியில், லீப்க்னெக்டும் அவருடைய தோழர் ரோசா லக்சம்பர்கும் கொல்லப்பட்டார்கள்.

முடியாட்சி போய், பெண்களுக்கும் வாக்குரிமை வந்த ஆட்சி அந்த நாளில் பிறந்தது. பிறந்த நாளாகக் கொண்டாடியிருக்க வேண்டிய தேதி. ஆனால் ராணுவமும் வலதுசாரிகளும் போர்த்தோல்வியைத் தூக்கி அந்தக் குடியரசின் தலையில் வைத்தார்கள். களத்தில் தோற்கவில்லை, முதுகில் குத்திவிட்டார்கள் என்ற பொய்யைப் பரப்பினார்கள். ‘நவம்பர் குற்றவாளிகள்’ என்று ஒரு வசையே உண்டானது. என் கண்ணுக்கு எல்லாவற்றுக்கும் வித்து அந்தச் சொல்தான். ஒரு மாதத்தின் பெயரையே வசையாக்கிவிட்டால் அந்தத் தேதி எப்படிச் சும்மா இருக்கும்?

அதன் ஐந்தாம் ஆண்டு நிறைவுக்கு முந்தின நாள் மாலை, 1923 நவம்பர் 8, மியூனிக்கில் ஒரு பெரிய பியர் கூடத்தில் ஹிட்லர் துப்பாக்கியோடு நுழைந்து கூரையைப் பார்த்துச் சுட்டார். தேசியப் புரட்சி தொடங்கிவிட்டது என்றார். மறுநாள் ஒன்பதாம் தேதி சுமார் இரண்டாயிரம் பேரோடு ஊர்வலம் போனார். ஃபெல்ட்ஹெர்ன்ஹாலே என்ற மண்டபத்தருகே போலீஸ் மறித்தது. அன்று நடந்த துப்பாக்கிச்சூடுகளில் நான்கு போலீஸ்காரர்களும் ஹிட்லர் பக்கம் பதினைந்து பேரும் இறந்தார்கள். வழியில் நின்ற ஒருவரும் இறந்தார், நாஜிகள் அவரையும் தங்கள் கணக்கில் சேர்த்துப் பதினாறு தியாகிகள் என்றார்கள். ராஜத்துரோகத்துக்கு நீதிமன்றம் கொடுத்தது ஐந்து வருடம். உள்ளே இருந்தது சுமார் ஒன்பது மாதம். ஒரு நாட்டின் ஆட்சியைக் கவிழ்க்கத் துப்பாக்கி தூக்கியவனுக்கு ஒன்பது மாதம். இதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

1933-இல் அவர்கள் ஆட்சிக்கு வந்ததும் நவம்பர் 9 அவர்களுடைய திருநாளானது. எட்டாம் தேதி இரவு அதே பியர் கூடத்தில் பழைய தோழர்களுக்கு ஹிட்லரின் பேச்சு, ஒன்பதாம் தேதி அதே தெருவில் ஊர்வலம். ஃபெல்ட்ஹெர்ன்ஹாலேயில் நினைவுச்சின்னம் வைத்து, அதைக் கடக்கிற எவரும் கையை நீட்டி வணக்கம் வைக்க வேண்டும் என்றார்கள். அதற்குப் பின்னால் விஸ்கார்டிகாசே என்று ஒரு சின்னச் சந்து இருக்கிறது. வணக்கம் வைக்க விரும்பாதவர்கள் அந்தச் சந்தில் திரும்பிப் போய்விடுவார்களாம். மியூனிக் போனபோது அதை நான் தேடிப் போய்ப் பார்த்தேன். தரையில் நடுவே வெண்கலக் கற்களால் ஒரு கோடு வளைந்து வளைந்து போகிறது. அப்படிச் சுற்றிப் போன கால்களின் நினைவாக 1995-இல் பதித்தது. பலகை, சிலை எதுவும் கண்ணில் படவில்லை. குனிந்து பார்த்தவர்களுக்கு மட்டும் தெரியும். அந்தக் கோட்டின் மேல் ஒருமுறை நடந்து, திரும்பி இன்னொருமுறை நடந்தேன்.

1938-க்கு வருகிறேன். அந்த அக்டோபர் கடைசியில், போலந்துக் குடியுரிமை கொண்ட சுமார் 17,000 யூதர்களை ஜெர்மனி இரவோடு இரவாகப் பிடித்து எல்லையில் கொண்டுபோய்த் தள்ளியது. அதில் ஹனோவரில் தையல் தொழில் செய்த ஒரு குடும்பமும் உண்டு. அவர்களுடைய பதினேழு வயதுப் பையன் ஹெர்ஷல் க்ரின்ஷ்பான் பாரிஸில் இருந்தான். அக்காவிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. நவம்பர் 7 அன்று அவன் ஒரு துப்பாக்கி வாங்கிக்கொண்டு ஜெர்மன் தூதரகத்துக்குப் போய், ஃபோம் ராத் என்ற அதிகாரியைச் சுட்டான். அவர் உயிர் பிரிந்தது ஒன்பதாம் தேதி மாலை.

தேதி தன் வேலையைக் காட்டியது இங்கேதான். 1923-இன் நினைவு விருந்துக்காக நாடு முழுவதிலும் இருந்து நாஜித் தலைவர்கள் எல்லாரும் அன்றிரவு மியூனிக் பழைய நகர மண்டபத்தில் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். சாவுச் செய்தி அங்கே வந்தது. ஹிட்லர் எழுந்து போய்விட்டார். பிரசார அமைச்சர் கோயபல்ஸ் பேசினார். கட்சி இதை முன்னின்று நடத்தியதாகத் தெரியக்கூடாது, ஆனால் மக்கள் கிளம்பினால் தடுக்கவும் கூடாது என்ற தொனியில் பேச்சு. கேட்டவர்களுக்குப் புரிந்தது. எல்லாரும் தொலைபேசியை நோக்கி ஓடினார்கள். வேறொரு நாளாக இருந்திருந்தால் அவர்கள் நாடெங்கும் சிதறி இருந்திருப்பார்கள். அந்தத் தேதி அவர்களை ஒரே கூரையின் கீழ் கூட்டி வைத்திருந்தது.

அன்றிரவும் மறுநாளுமாக 1,400-க்கும் மேற்பட்ட யூத ஜெப ஆலயங்களும் தொழுகை அறைகளும் எரிந்தன அல்லது நொறுங்கின. சுமார் 7,500 கடைகள். நெருப்பணைப்பவர்கள் வந்தார்கள், பக்கத்து வீடுகளுக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதுதான் உத்தரவு. சுமார் 30,000 யூத ஆண்களை டாக்காவ், புக்கன்வால்ட், சாக்சன்ஹவுசன் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அரசு சொன்ன சாவுக்கணக்கு 91. அடியால் இறந்தவர்கள், தற்கொலை செய்துகொண்டவர்கள், முகாமில் மாண்டவர்கள் எல்லாரையும் சேர்த்தால் பல நூறைத் தாண்டும். அதற்கும் மேல், யூதர்களே நூறு கோடி மார்க் அபராதம் கட்ட வேண்டும் என்றது அரசு.

வந்த புதிதில் இதை நான் பள்ளியில் படித்த பெயரிலேயே ‘கண்ணாடி இரவு’ என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் நிதானமாகத் திருத்தினார்.

“உடைந்தது கண்ணாடி மட்டும்தானா? நாங்கள் இப்போது அப்படிச் சொல்வதில்லை. படுகொலை இரவு என்று சொல்லுங்கள்.”

அன்றிரவு பெர்லினில் ஓரனியன்பர்கர் தெருவின் பெரிய ஜெப ஆலயத்துக்கும் தீ வைத்தார்கள். அந்த வட்டாரக் காவல் நிலையத்தின் தலைவர் வில்ஹெல்ம் க்ருட்ஸ்ஃபெல்ட். அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதைக் காட்டி அவரும் அவருடைய ஆட்களும் கும்பலை விரட்டிவிட்டு, நெருப்பணைப்பவர்களைக் கூப்பிட்டு அணைக்கவும் வைத்தார்கள். பின்னால் மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டித்தார், அவ்வளவுதான். நான் வேலைக்குப் போகிற வழியில் அந்தத் தங்க நிறக் கோபுரம் தெரியும். கண்டிப்பு வாங்கிக்கொள்ளத் தயாராக இன்னும் சில நிலையங்களில் சிலர் இருந்திருந்தால் என்ற நினைப்பு வராமல் அதைக் கடந்ததில்லை.

இந்தத் தேதியின் பிடியை நன்றாகப் புரிந்துகொண்டவர் இன்னொருவர் உண்டு. கியார்க் எல்சர், தச்சர். ஹிட்லர் வருடம் தவறாமல் நவம்பர் 8 இரவு அந்த பியர் கூடத்துக்கு வந்தே தீருவார் என்று அவருக்குத் தெரியும். 1939-இல் முப்பது இரவுகளுக்கு மேல் அந்தக் கூடத்தில் ஒளிந்திருந்து, மேடைக்குப் பின்னால் இருந்த தூணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தார். பெயர்த்த சுண்ணாம்புத் தூளைப் பையில் போட்டு வெளியே கொண்டுபோனார். தானே செய்த கடிகாரக் குண்டை உள்ளே வைத்தார். அது வெடிக்கவும் செய்தது, சரியான நேரத்தில். ஆனால் அன்று மூடுபனி, விமானத்தில் திரும்ப முடியாது. ரயிலைப் பிடிக்க ஹிட்லர் பேச்சைச் சீக்கிரம் முடித்துக் கிளம்பிப் பதின்மூன்று நிமிடங்கள் ஆகியிருந்தன. எட்டுப் பேர் இறந்தார்கள். எல்சரைப் பிடித்து, போர் முடிய ஒரு மாதம் இருக்கும்போது டாக்காவ் முகாமில் சுட்டார்கள். அவர் பெயரை நம் பாடப்புத்தகங்களில் நான் பார்த்ததில்லை.

போருக்குப் பிறகும் தேதி ஓயவில்லை. 1969 நவம்பர் 9 அன்று மேற்கு பெர்லினின் யூத சமூகக் கூடத்தில் 1938-இன் நினைவுக் கூட்டம் நடந்தபோது, இடதுசாரித் தீவிரவாதக் குழு ஒன்று அங்கே குண்டு வைத்தது. நல்லவேளை, வெடிக்கவில்லை. அந்த நாளையே தேர்ந்தெடுத்து வைத்தார்கள் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

1989 மட்டும் யாரும் தேர்ந்தெடுக்காத நவம்பர் 9. பெர்லின் சுவருக்குப் பின்னால் அடைபட்டிருந்த கிழக்கு ஜெர்மனியில் வாரக்கணக்காக மக்கள் தெருவில் இறங்கிப் போராடிக்கொண்டிருந்தார்கள். அரசு பயண விதிகளைத் தளர்த்த ஒரு வரைவு தயாரித்து, மறுநாள் அதிகாலையில் வெளியிடுவதாக இருந்தது. அந்தத் தாள் ஆளும் கட்சியின் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி கையில் கொடுக்கப்பட்டது. அதைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் அவர் இல்லை. மாலைப் பத்திரிகையாளர் சந்திப்பின் கடைசியில், மணி ஏழை நெருங்கும்போது அதைப் படித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்தவரை உடனே, தாமதமின்றி என்றார். நேரலையில் போய்க்கொண்டிருந்தது.

அந்த அம்மாவுக்கு அப்போது இருபத்தாறு வயது, கைக்குழந்தை. போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச்சாவடிக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு. குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு, இரவு உடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, என்னதான் நடக்கிறதென்று பார்க்கப் போனார். சாவடியில் பொறுப்பில் இருந்தவர் ஹரால்ட் யேகர். மேலிடத்துக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டும் தெளிவான உத்தரவு வரவில்லை. ரொம்பச் சத்தம் போடுபவர்களை மட்டும் வெளியே விடு, அவர்கள் அடையாள அட்டையில் புகைப்படத்தின் மேல் முத்திரை குத்திவிடு என்றார்கள். அப்படிக் குத்தினால் திரும்பி வர முடியாது என்று பொருள். போகிறவர்களுக்கு அதைச் சொல்லவில்லை.

அந்த அட்டையை அவர் எனக்கு ஒருமுறை காட்டினார். நீல நிற உறை. உள்ளே குட்டை முடியோடு ஒரு பெண். முத்திரையின் விளிம்பு அவள் கன்னத்தின் மேல் ஏறி, ஒரு கண்ணுக்குக் கீழே வந்து நிற்கிறது. மேற்குப் பக்கம் போய் அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாராம். உள்ளே விட மாட்டோம் என்றார்கள். குழந்தை இருக்கிறது, பால் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அழுதிருக்கிறார். இவரைப் போலவே இன்னும் சில இளம் தாய் தகப்பன்கள். கடைசியில் விட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் நுழையும்போது பின்னால் பெரிய ஆரவாரம் கேட்டது. பதினொன்றரை மணிவாக்கில், கூட்டத்தைத் தாங்க முடியாமல், யேகர் தன் பொறுப்பிலேயே தடுப்பை முழுக்கத் திறந்துவிட்டிருந்தார். 28 வருடச் சுவர். அதைத் தாண்ட முயன்றும் அதன் காவலிலும் குறைந்தது 140 பேர் இறந்திருக்கிறார்கள். அது திறந்த நேரத்தில் இவர் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு ஜெர்மனிகளும் 1990-இல் இணைந்தபோது எதைத் தேசிய நாளாக வைப்பது என்ற கேள்வி வந்தது. சுவர் திறந்த நாளை வைக்கலாமே என்றவர்கள் இருந்தார்கள். ஆனால் ஜெப ஆலயங்கள் எரிந்த தேதியில் பட்டாசு வெடிக்க முடியுமா? சட்டப்படி இணைந்த அக்டோபர் 3-ஐ எடுத்துக்கொண்டார்கள். நவம்பர் 9 விடுமுறை இல்லை. அன்று அலுவலகம் உண்டு, பள்ளி உண்டு. மாலை நாலரைக்கே இருட்டிய பிறகு தெருவெங்கும் தரையோடு தரையாகச் சின்னச் சுடர்கள் மட்டும் தெரியும்.

நம் பக்கம் இறந்தவர்களைத் திதி பார்த்து நினைக்கிறோம். தேதி வருடா வருடம் நகரும், திதி மாறாது. அப்பாவுக்குத் திவசம் கொடுக்கும்போது எள்ளும் தண்ணீரும் விட்டு மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்கிறோம். இந்த வாசலில் இருந்தவர்களுக்குப் பெயர் சொல்ல யாரும் மிஞ்சவில்லை. கல்லைத் தேய்த்து முடித்ததும் அந்த அம்மா இரண்டு பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். நானும் படித்தேன். என் உச்சரிப்பை ஓரிடத்தில் திருத்தினார்.

மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து ஏற்றினோம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், கிண்ணத்தில் மிச்சமிருந்த புளியை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

“இது இன்னும் இருக்கிறதா உங்களிடம்?”

“இருக்கிறது. ஊரிலிருந்து நிறைய வாங்கி வந்திருக்கிறேன்.”

“அப்படியானால் கொஞ்சம் கொண்டு வாருங்கள். எதிர் வரிசையில் நான்கு கற்கள் இருக்கின்றன. அந்த வீட்டில் இப்போது புதிதாக வந்தவர்கள், அவர்களுக்குத் தெரியாது.”

மேலே போய்ப் புளிப் பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு இறங்கினேன்.